மலைக்குதிரையின் பெயர் பெற்ற வண்டி

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரிலிருந்து மரியாசெல் அன்னையின் திருத்தலம் நோக்கிச் சென்ற வழியில், ஒரு சிற்றூரில் திருப்பலி கண்டு வெளியே வந்தோம். கோவில் முற்றத்தில் நின்றது ஒரு விந்தை வண்டி. நான்கு சக்கரங்களின்மேல் ஒரு பலகை, முன்னே இரு இருக்கைகள், மேலே வெறும் படுதா. இதுவா மலையேறும் என்று நகைத்துவிட்டோம்! அதன் உரிமையாளரான முதியவர் சினவாமல், "ஏறுங்கள்" என்றார்.

ஹாஃப்லிங்கர் என்பது டைரோல் மலைநாட்டுச் சிறு குதிரையின் பெயர். அப்பெயரிலேயே 1959 முதல் 1974 வரை கிராஸ் தொழிற்சாலையில் இவ்வண்டி இராணுவத்தினருக்கும் உழவருக்குமாக உருவாயிற்று. வடிவமைத்தவர் எரிக் லெட்விங்கா. தந்தை ஹான்ஸ், டாட்ரா கார்களுக்கு அளித்த நடுக்குழாய் முதுகெலும்பையே மகனும் கைக்கொண்டார். எடை ஏறத்தாழ 600 கிலோ. பின்புறம் இரண்டே சிலிண்டர் கொண்ட 643 சி.சி. எஞ்சின். ஒரு சக்கரம் சேற்றில் வீணே சுழன்றாலும், அச்சைப் பூட்டிவிட்டால் மறுசக்கரம் பற்றி இழுக்கும்.

ஆடும் தயங்கும் சரிவில் அது ஏறியபோது, எங்கள் கைகள் தாமாகவே செபமாலையைத் தேடின.

இளமையில் கட்டாய இராணுவப் பணியில் இதே வகை வண்டியை ஓட்டியவராம் முதியவர். உதிரிபாகம் கிடைப்பதரிது; ஆர்வலர்கள் ஆங்காங்கே கூடித் தமக்குள் மாற்றிக்கொள்கின்றனர். "மகனுக்கு இதில் நாட்டமில்லை" என்றவர், சற்றே மௌனமானார். பின்பு, மேலே தனித்து வாழும் விதவைத் தாய் ஒருவரின் வாசலில் வண்டியை நிறுத்தி, விறகை இறக்கத் தொடங்கினார். நாங்களும் கைகொடுத்தோம்.