சாணக்கியபுரியில் ஒரு கருங்கல்

கடலும் உப்பங்கழியும் சூழ்ந்த ஊர் எங்கள் காட்டுப்பள்ளி. துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் எல்லாம் இங்கே உண்டு. கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலையில், வெயிலிலும் மழையிலும் நிற்கும் காக்கிச் சட்டைக்காரர்களைத் தினமும் பார்க்கிறவன் நான். அதனால்தான் டெல்லி செல்லும் வாய்ப்பு வந்ததும், செங்கோட்டைக்கும் குதுப்மினாருக்கும் முன்னதாகத் தேசிய போலீஸ் நினைவிடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. சென்ட்ரலில் புறப்பட்ட ரயில் மீஞ்சூரையும் கும்மிடிப்பூண்டியையும் கடந்து வடக்கே ஓடியது. மனம் அதற்கு முன்பே டெல்லி போய்ச் சேர்ந்திருந்தது.

வெளிநாட்டுத் தூதரகங்கள் நிறைந்த சாணக்கியபுரியில், மரங்கள் அடர்ந்த சாலையை ஒட்டி இருக்கிறது நினைவிடம். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு கருங்கல். 30 அடி உயரம், 238 டன் எடை. வடித்தவர் சிற்பி அத்வைத கடநாயக். மாமல்லபுரத்து ஒற்றைக்கல் ரதங்களைப் பார்த்துப் பழகிய கண்களையும் அது அசையவிடாமல் நிறுத்தியது. அந்தக் கல்லில் முகம் இல்லை, உருவம் இல்லை. யாரோ ஒரு தலைவருக்கு எழுப்பிய சிலையாக இருந்திருந்தால் கும்பிட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். இங்கே நகர முடியவில்லை.

கல்லைத் தாண்டினால் வீரச்சுவர். சுதந்திரத்துக்குப் பிறகு பணியில் உயிர் நீத்த காவலர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 2018 அக்டோபர் 21-ஆம் தேதி பிரதமர் திறந்து வைத்தபோது அந்தப் பெயர்களின் எண்ணிக்கை 34,844. அதன் பிறகும் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே வருகிறது.

அந்தச் சுவர் முன்னே நின்றபோது நம் பக்கத்து மரணங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. 1991 மே 21-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு காவல் கண்காணிப்பாளர் முகமது இக்பாலும் ஆய்வாளர் ராஜகுருவும் இன்னும் பல காவலர்களும் மாண்டார்கள். அன்று எங்கள் ஊரும் ஸ்ரீபெரும்புதூரும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். 1993-இல் பாலாற்றில் வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடி போலீஸாரையும் வனத்துறையினரையும் சேர்த்தே பலி வாங்கியது. 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 நவம்பரில், ஆடு திருடியவர்களை நள்ளிரவில் பைக்கில் விரட்டிப் போன சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். யாரோ ஓர் ஏழையின் ஆட்டுக்காக ஒருவர் உயிரைக் கொடுத்திருக்கிறார்!

அக்டோபர் 21 என்ற தேதிக்குப் பின்னால் இருப்பது லடாக். 1959-இல் சுமார் 16,000 அடி உயரத்தில் உள்ள ஹாட் ஸ்பிரிங்ஸிலிருந்து ரோந்து போன இரண்டு காவலரும் ஒரு சுமைகூலியும் திரும்பவில்லை. மறுநாள் அவர்களைத் தேடி அதிகாரி கரம்சிங் தலைமையில் ஒரு குழு புறப்பட்டது. மலைமேல் இருந்த சீனப் படை சுட்டதில் பத்துப் பேர் இறந்தார்கள். மூன்று வாரங்கள் கழித்து, நவம்பர் 13-ஆம் தேதிதான் உடல்கள் திரும்பக் கிடைத்தன. அந்தக் குளிர் பூமியிலேயே முழு மரியாதையோடு தகனம் நடந்தது. காணாமல் போன தோழர்களைத் தேடிப் போனவர்கள் அவர்கள். அவர்கள் உயிர் நீத்த அக்டோபர் 21-ஐயே நாடு முழுவதும் காவலர் வீரவணக்க நாளாகக் கடைப்பிடிப்பது என 1960-இல் முடிவானது.

நான் போனது சனிக்கிழமை. வார இறுதி மாலைகளில் இங்கே மத்தியப் படைகளின் பேண்டு வாத்திய இசையும் அணிவகுப்பும் உண்டு. பூட்ஸ் கால்கள் ஒரே சீராகத் தரையில் விழ, கைக்குழந்தைக்காரர்கள்கூட எழுந்து நின்றார்கள். காவலுக்கு நின்ற இளைஞர் ஒருவர் நான் போனில் பேசிய தமிழைக் கேட்டுவிட்டு, “எந்த ஊருண்ணே?” என்றார். மீஞ்சூர் பக்கம் என்றதும் முகம் மலர்ந்தது. “ஆவடி கேம்ப்ல இருந்திருக்கேண்ணே. நம்ம ஊர்க்காரங்க இங்க வந்து நின்னா ரொம்ப சந்தோஷமா இருக்கு” என்றார். வேறெதுவும் அவர் எதிர்பார்க்கவில்லை.

காவல்துறை மீது நமக்குக் கோபம் வரும் நாட்கள் உண்டு. லாக்கப்பில் ஓர் உயிர் போனால் நியாயம் கேட்டே ஆக வேண்டும். அதற்காக, கடமையில் விழுந்தவரின் மனைவி மக்களைத் தனியாக அழவிடுவது நியாயமாகாது.

டெல்லி வரை எல்லோராலும் போக முடியாது. போக வேண்டியதும் இல்லை. சென்னைக் கடற்கரைச் சாலையில் டிஜிபி அலுவலக வளாகத்திலும், மாவட்டத் தலைநகரங்களின் ஆயுதப்படை மைதானங்களிலும் அக்டோபர் 21 காலையில் மலர்வளையம் வைத்து, குண்டுகள் முழங்க அஞ்சலி செலுத்துகிறார்கள். அங்கே நிற்பவர்கள் பெரும்பாலும் காக்கி உடுப்பினரும் இறந்தவர்களின் வீட்டாரும்தான். காவல்துறை அந்த வாசலைப் பொதுமக்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அகலமாகத் திறந்துவிட வேண்டும். திறக்கும் இடங்களில் நாம் போய் நிற்க வேண்டும். வரும் அக்டோபர் 21 அன்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.