ஒலியும் செவியும்

எம் பழைய காருக்குப் புதிய ஒலிபெருக்கிகள் நான்கும், அடித்தொனிக்கென ஒரு சப்வூஃபரும், அவற்றை இயக்க ஆம்ப்ளிஃபயரும் பொருத்தினோம். ஆம்ப்ளிஃபயர் மிகுந்த மின்னோட்டம் இழுப்பதால் பாட்டரியிலிருந்து தனியே தடித்த கம்பி இழுத்து, பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்தல் வேண்டும். இன்றேல் கம்பி உராய்ந்து தீப்பற்றக்கூடும். இவற்றிலெல்லாம் கவனமாயிருந்தோம்.

கலவையிலிருந்து வேலூர்ப் பேராலயத்திற்குச் சென்ற ஞாயிறன்று, பின்னிருக்கையில் அன்னையார் செபமாலை சொல்லிவந்தார். ஆற்காட்டைத் தாண்டியபின் கண்ணாடியில் கண்டோம்: அவர் உதடுகள் அசைந்தன, குரல் கேட்கவில்லை. எத்தனை மணிகள் எம் மறுமொழியின்றி உருண்டனவோ!

85 டெசிபெல் ஒலியை நாள்தோறும் 8 மணி நேரம் கேட்பின் செவிப்புலன் கெடக்கூடும் என்பர். உள்ளத்தின் செவியோ அதற்கு முன்பே மந்தமாகிவிடுகிறது. எலியா இறைவாக்கினர் ஆண்டவரை உணர்ந்தது புயலிலன்று, மெல்லிய ஒலியிலன்றோ! ஒலியைத் தணித்து, அடுத்த மணிக்கு மறுமொழி கூறினோம்.