கௌமுதி கழற்றிய நகைகள்

மணப்பெண் பந்தலில் வந்து உட்கார்ந்ததும் பெண்டுகளின் பார்வை எங்கே போகிறது என்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். கழுத்து, காது, கை, பிறகுதான் முகம். "எத்தனை பவுன் போட்டிருக்கிறார்களாம்?" என்ற கேள்வி, தாலி ஏறுவதற்கு முன்பே பந்தலைச் சுற்றி வந்து விடுகிறது. ஆண்பிள்ளைகள் அப்படிக் கேட்பதில்லை. நிச்சயதார்த்தத்துக்கு முன்பே அவர்கள் கேட்டு முடித்து விட்டார்கள்!

இத்தகைய சமயங்களில் நமக்கு வடகரை கௌமுதியின் ஞாபகம் வருகிறது.

1934-ஆம் வருஷம் ஜனவரி மாதம் மகாத்மா காந்தி ஹரிஜன நிதிக்காக மலபாரில் சுற்றுப்பிரயாணம் செய்தார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் ஒரு ஜில்லா. வடகரைக் கூட்டத்தில், நகைகளைக் கொடுத்து உதவும்படி பெண்களிடம் அவர் வேண்டிக்கொண்டார். பேச்சு முடிந்தபின் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி மேடைக்கு வந்தாள். ஒரு கை வளையைக் கழற்றி நீட்டி, கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா என்று கேட்டாள். அவர் எழுதத் தொடங்குவதற்குள் மறு கை வளையும் வந்துவிட்டது. இரண்டும் வேண்டாம், ஒன்றுக்கே கையெழுத்துத் தருகிறேன் என்றார் மகாத்மா. அதற்குப் பதிலாகக் கழுத்துச் சங்கிலி வந்தது, பிறகு காதணிகள்.

கூட்டத்தின் உற்சாகத்தில் நகையைக் கழற்றிக் கொடுத்தவர்கள் அந்த நாளில் பலர் உண்டு. மறு மாதமே தட்டானை வரவழைத்துப் புதிதாகச் செய்துகொண்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. இந்தச் சூட்சுமம் மகாத்மாவுக்குத் தெரியாதா? போனவற்றுக்குப் பதிலாக வேறு நகை கேட்கக் கூடாது என்பது அவர் கருத்து. கௌமுதி அதற்கு இசைந்தாள். நகை கேட்காத கணவன் கிடைப்பது கஷ்டமாயிற்றே என்ற பேச்சு வந்தபோதும், அப்படிப்பட்டவரையே தேர்ந்துகொள்வேன் என்று சொல்லி விட்டாள்.

இதைச் சுலபமான காரியம் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. நமக்குப் பொன்னின் மீது துவேஷம் கிடையாது. 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டம் பிறப்பதற்கு முன், பெண்ணுக்குத் தனக்கே சொந்தம் என்று சொல்லிக்கொள்ளப் பெரும்பாலும் நகை ஒன்றுதான் இருந்தது. புருஷன் கைவிட்டால் அதுவே கதி. பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளமும் அடகு வைத்த வளையிலிருந்துதான் வரும். ஆகவே அந்தச் சிறுமி கழற்றியது அலங்காரத்தை மட்டுமல்ல, பிற்காலத்துப் பாதுகாப்பையுந்தான்.

அவர் பின்னால் ஹிந்தி ஆசிரியையானார். 2009-ஆம் வருஷம் காலமாகும் வரையில் பொன் நகை அணியவில்லை. எழுபத்தைந்து வருஷம்! எத்தனை உறவினர் வீட்டு விசேஷங்கள், எத்தனை அத்தைமார்களின் அநுதாபப் பார்வைகள் இதற்குள் வந்து போயிருக்கும்!

பெண்ணைப் பெற்றவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இன்னொன்றும் இருக்கிறது. பெற்றோரின் சம்மதம் உண்டா என்று மகாத்மா கேட்காமல் இல்லை. தகப்பனார் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார். மேடையில் மகளின் கழுத்து வெறுங்கழுத்தாகிக் கொண்டிருக்க, அவர் கீழே நின்று, அதே நிதிக்காக ஏலம் விடப்பட்ட உபசாரப் பத்திரங்களுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்.