அரைக்காத மக்காச்சோளம்

தீவனத் தொட்டியில் கிடந்தது முழு மக்காச்சோளம். உடைக்கவில்லை, மாவாக்கவில்லை, ஊறவைக்கவும் இல்லை. இரும்புக் குதிரிலிருந்து இறங்கிய மணி அப்படியே கிடக்க, இடையிடையே பழுப்பு நிறத்தில் குச்சித் தீவனம். பசும்புல், தட்டை எதுவும் கண்ணில் படவில்லை. கருப்பு வெள்ளைக் கன்றுகள் வரிசையாகத் தலையை உள்ளே விட்டு மென்றுகொண்டிருந்தன. சரளைக்கல் மேல் செருப்போடு நடப்பதுபோல அந்தச் சத்தம் கொட்டகைக்கு வெளியிலேயே கேட்டது.

ஈரோட்டுப் பக்கம் வளர்ந்தவன் நான். பருத்திக்கொட்டையை இரவே ஊறப்போட்டு, விடியலில் ஆட்டுக்கல்லில் அரைத்து, தண்ணீரில் கரைத்து வைப்பதைப் பார்த்த கண்ணுக்கு இது விநோதம். தானியத்தை முழுசாக வைத்தால் மாடு அதை அப்படியே சாணத்தில் போட்டுவிடும் என்பது எங்கள் பாட்டியின் தீர்ப்பு.

“பெரிய மாட்டுக்குப் பாட்டி சொன்னது சரிதான் மாமா. கன்னுக்குட்டி வேற” என்றான் என் தங்கை மகன். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவன். இப்போது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பண்ணைகளுக்குத் தீவன ஆலோசகர். மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய கிராண்ட் கவுண்டியில் அவன் வழக்கமாகப் போய்வரும் பண்ணை ஒன்றுக்கு என்னையும் கூட்டிப்போயிருந்தான்.

விஸ்கான்சின் வண்டிகளின் நம்பர் பிளேட்டிலேயே ‘அமெரிக்காவின் பால் பூமி’ என்று பொறித்திருக்கும். பசு கன்று போட்டால்தான் பால். போடுவதில் ஏறக்குறைய பாதி காளை. நம் ஊரில் எச்.எஃப். என்று சொல்கிற ஹோல்ஸ்டீன் இனத்தின் காளைக் கன்றுக்குப் பால்பண்ணையில் வேலை கிடையாது. சீம்பால் குடித்த சில நாட்களிலேயே லாரி ஏறிவிடும். சில டாலருக்குக்கூட ஆள் வாங்காத காலம் இருந்திருக்கிறது. நம் சந்தைகளில் கலப்பினக் காளைக் கன்று படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அந்தக் கன்றுகளை வாங்கி, பால்பவுடர் கரைத்துக் கொடுத்து, ஆறு எட்டு வாரத்தில் பால் மறக்கடித்து, காயடித்து, கொம்பு சுட்டு, 14 முதல் 16 மாதத்தில் 650 கிலோவை ஒட்டி வளர்த்து இறைச்சிக்கு விற்பதுதான் இந்தப் பண்ணையின் தொழில்.

அப்படி வளர்ப்பதற்கு அரவை இயந்திரம் வேண்டாம் என்பதில்தான் சூட்சுமம். கன்று பொறுமையாக மெல்லும். பால் மறக்கிற பருவத்திலிருந்தே முழுமணியில் பழகிய கன்று, மணியை ஒவ்வொன்றாகப் பல்லில் உடைத்துத்தான் விழுங்கும். மெல்ல மெல்ல எச்சில் ஊறும். அந்த எச்சிலில் இருக்கும் சோடா உப்பு பெருவயிற்றில் அமிலத்தைத் தணிக்கும். மாவாக அரைத்துப் போட்டால் நிலைமை வேறு. மாவு வயிற்றில் சட்டென்று புளித்து அமிலமாகி, கன்று உப்புசத்தில் விழும். கரடுமுரடாக உடைந்த மணி நிதானமாகப் புளிக்கும். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வூஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் இதைப் பல ஆண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். வைக்கோலைக் கூடுதலாகக் கலந்தால் நல்லது என்றுதான் நமக்குத் தோன்றும். முழுமணி விஷயத்தில் அது எதிர்மாறு: நார் அதிகமானால் வயிறு சீக்கிரம் நகர்ந்து, மணி செரிக்காமலே வெளியேறிவிடும். கீழே படுக்கைக்குப் பரப்பிய வைக்கோலைக் கன்று தானாகக் கொறிக்கிறதே, அது போதுமாம்.

ஆனால் மக்காச்சோளம் மட்டும் போட்டுக் கன்று வளர்க்க முடியாது. அதில் புரதம் எட்டு ஒன்பது சதவீதம்தான். இளங்கன்றுக்கு அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வேண்டும். சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். இந்தக் கணக்கு தப்பினால் காயடித்த கன்றுக்கு மூத்திரக் கல் அடைத்து உயிருக்கே ஆபத்து. புரதம், சுண்ணாம்பு, வைட்டமின், ரத்தக்கழிச்சலைத் தடுக்கும் மொனென்சின் மருந்து எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தியதுதான் அந்தக் குச்சித் தீவனம். நூறு கிலோவில் எண்பது எண்பத்தைந்து சோளம், மீதி குச்சி. கன்று வளர வளரக் குச்சியின் பங்கு குறையும். மூட்டைகளைத் தனி அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். மாட்டுக்கு மருந்தாகும் மொனென்சின் குதிரைக்கு விஷம். இந்தப் பக்கம் குதிரை வண்டி ஓட்டும் ஆமிஷ் குடும்பங்களும் உண்டு என்பதால் அந்தப் பூட்டுக்கு அர்த்தம் இருக்கிறது.

இயந்திரத்தை விலக்கிய இடத்தில் வேலை மனிதனின் கண்ணுக்கு வந்துவிடுகிறது. அந்தக் கண் இங்கே மெக்சிகோவின் வெராக்ரூஸ் மலைப்பகுதியிலிருந்து வந்த ஒருவருடையது. நாற்பதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. விடியலில் கன்றுகளைப் பார்ப்பதற்கு முன் தொட்டியைத்தான் பார்க்கிறார். தொட்டி நக்கிக் காய்ந்து கிடந்தால் அவர் முகம் மாறிவிடும். பசித்த கன்று அடுத்த தீவனத்தை மெல்லாமல் அள்ளி விழுங்கும். பாதி மந்தைக்கு வயிறு கெடும். எனவே அடியில் கொஞ்சம் மிஞ்சியிருக்க வேண்டும், ஆனால் நேற்றைய எச்சில் புளித்துக் கிடக்கவும் கூடாது. ஓரத்தில் தூசி சேர்ந்திருந்தால் கையாலேயே வழித்து எறிகிறார். கன்றுகள் மணியைப் பொறுக்கிவிட்டுக் குச்சியை ஒதுக்குகின்றனவா என்றும் கவனிக்கிறார்.

அடுத்தது சாணம். காலணி நுனியால் கிளறிக் காட்டினார். கெட்டியாக, லேசாகப் பரவியிருந்தால் சரி. சாம்பல் நிறத்தில் நுரைத்துத் தண்ணீராக இருந்தால் அமிலம். மஞ்சளாகச் சில மணிகள் தெரிந்தன. நான் பாட்டியை நினைத்துக்கொண்டதை மருமகன் கண்டுபிடித்துவிட்டான். அதில் ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினான். தோல் மட்டும்தான், உள்ளே மாவு இல்லை. “எல்லாமே இப்படி இருக்காது மாமா, சிலது முழுசாவும் போகும். வளர்ந்த மாடுன்னா கூடப் போகும். அரைக்கிற செலவை மிச்சம் பிடிச்சா அந்த நட்டம் கட்டிவரும்.” ஒரு மாட்டை முடித்து அனுப்புவதற்குள் இரண்டு டன்னுக்கு மேல் சோளம் போய்விடுகிறது. அந்தக் கணக்கில் அரவைச் செலவு சின்னதல்ல.

குதிருக்குப் பக்கத்தில் வெராக்ரூஸ்காரர் தன் சக வேலையாளை அதட்டிக்கொண்டிருந்தார். உள்ளே சோளம் கட்டிதட்டி நின்றால், அடியில் மணியை வெளியே தள்ளும் திருகு ஓடும்போது மேலேறி மிதிக்கக் கூடாது. மணி ஆளைச் சில நொடிகளில் உள்ளே இழுத்துவிடும். அமெரிக்கக் கிராமங்களில் ஆண்டுதோறும் இப்படி உயிர் போகிறது. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு விசாவும் சிக்கல்தான். இந்த நாட்டில் பருவகால விவசாய வேலைக்கு வெளிநாட்டவர் வர விசா இருக்கிறது. வருடம் முழுக்க நடக்கும் பால்பண்ணை வேலைக்கு அது பொருந்தாது. இருந்தும் விஸ்கான்சின் பால்பண்ணைகளில் பெரும்பகுதி வேலை வெராக்ரூஸ்காரரைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் கையில்தான் நடக்கிறது. அவருடைய காகிதங்களைப் பற்றி நான் கேட்கவில்லை.

கன்றுகளைப் பார்க்க எனக்குப் பெரிய மகிழ்ச்சி ஒன்றும் வரவில்லை. வாழ்நாளில் ஒருமுறைகூடப் புல்தரையில் கால் வைக்காத மாடுகள். படுக்கை உலர்ந்திருந்தது, காற்று வந்தது, எலும்பு தெரிந்த கன்று ஒன்றுகூட இல்லை. பிறந்த வாரத்திலேயே செத்துப்போவதைவிட இது மேல் என்று பண்ணைக்காரர் சொன்னார். அது அவருக்கு வசதியான கணக்கு. பொய்யான கணக்கு என்றும் சொல்ல முடியவில்லை. நீண்ட நாள் தானியத்திலேயே நிற்பதால் ஹோல்ஸ்டீன் மாடுகளின் ஈரலில் சீழ்க்கட்டி அதிகம். கட்டி கண்ட ஈரலை இறைச்சிக்கூடத்தில் கழித்துவிடுவார்கள். அதைக் கட்டுப்படுத்தத் தீவனத்தில் கலக்கும் டைலோசின் மருந்தை 2017 ஜனவரி முதல் கால்நடை மருத்துவரின் எழுத்து உத்தரவில்லாமல் பயன்படுத்த முடியாது. ரொம்பத் தாமதமாக வந்த விதி என்பது என் எண்ணம்.

தொழிலையே அசைத்தது வேறொன்று. 2016 கடைசியில் பெரிய இறைச்சி நிறுவனம் ஒன்று தன் ஆலை ஒன்றில் ஹோல்ஸ்டீன் வாங்குவதை நிறுத்தியது. நீளமான உடம்பு, எலும்பு அதிகம், தொடைச்சதை குறைவு. எடைக்கு ஏற்ற கறி தேறாது. பால்பண்ணைக்காரர்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். நல்ல பசுக்களுக்குப் பாலினம் பிரித்த விந்தைச் செலுத்திக் கிடாரிக் கன்று பெறுகிறார்கள். மற்றவற்றுக்கு அங்கஸ் போன்ற இறைச்சி இனத்தின் சினை ஊசி. பிறப்பது பெரும்பாலும் கருப்புக் கன்று. சில நாள் வயதிலேயே அதன் விலை ஆயிரம் டாலரை ஒட்டிப் போய்விட்டது.

பண்ணையின் கடைசிக் கொட்டகையில் அவைதான் நின்றன. “முன்னே ஒரு கன்று செத்தா குழி வெட்டுவோம். இப்போ செத்தா பேங்குக்குப் பதில் சொல்லணும்” என்றார் பண்ணைக்காரர். வெராக்ரூஸ்காரருக்கு வேறு குறை. வெள்ளை கலந்தவை பக்கத்தில் வந்து சட்டையை நக்கும், கேட்டின் கொண்டியை நாக்காலேயே நெம்பித் திறந்துவிடும். இந்தக் கருப்புகள் ஆளைக் கண்டாலே மூலைக்கு ஓடுகின்றன. ஓடுகிற கன்றில் நோயாளியைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்றார்.

தொட்டியில் அதே முழுச்சோளம்தான். கருப்புக்குச் சீக்கிரம் சதை பிடிக்கும், குச்சியின் பங்கை முன்னதாகவே குறைக்கலாமா என்று பண்ணைக்காரர் கேட்டார். அடுத்த எடை போடும்வரை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மருமகன் சாணத்தைப் பார்க்கக் குனிந்தான்.