பிழை உங்களுடையதல்ல

நான் சமூகவியல் படித்தவள். பெண்களோடு வேலைசெய்து பத்து வருடங்களுக்கு மேலாகிறது. அவர்களுக்கு எது தேவை என்பது எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

சென்ற வருடம் எமது அமைப்பின் இணையத்தளத்தைத் திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. நிறத்தையும் படங்களையும் மாற்றினால் போதும் என்று எண்ணினேன். கணினி தெரிந்த தம்பி ஒருவர், "முதல்ல பாவிக்கிற ஆக்களைக் கூப்பிட்டுப் பாருங்கோ அக்கா" என்றார். ஐந்து பேரிடம் சோதித்தாலே குறைகளில் சுமார் 85 வீதம் தெரிந்துவிடும் என்று இத்துறை அறிஞர் யாக்கொப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதியிருப்பதையும் காட்டினார்.

வடமராட்சியில் ஒரு முன்பள்ளி மண்டபத்தில் ஐந்து பெண்கள் தங்கள் கைத்தொலைபேசிகளோடு வந்தார்கள். சட்ட உதவி நாள் எப்போது, உளவள ஆலோசனைக்கு யாரோடு கதைப்பது, வாழ்வாதார உதவிக்கு எப்படி விண்ணப்பிப்பது ஆகிய மூன்றையும் தேடச் சொன்னோம். மனதில் படுவதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். நாங்கள் உதவக்கூடாது. வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

திறப்புவிழாப் படங்கள் இறங்குவதற்கே டேட்டா கரைந்தது. பாமினி எழுத்துருவில் ஏற்றிய பழைய பக்கங்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. எம்மைத் தொடர்புகொள்ள மின்னஞ்சல் முகவரி கேட்டது. ஐவரில் நால்வருக்கு அது இல்லை. ஆனாலும் ஒவ்வொருவரும், "எனக்குப் படிப்புக் காணாது பிள்ளை" என்று தங்களையே குறை சொன்னார்கள்.

ஓர் அம்மாவின் விரல் ஒரு தலைப்பின்மேல் மூன்று தடவை போய்த் திரும்பி வந்தது. "விதவைகளுக்கான உதவி" என்பது அந்தத் தலைப்பு.

"இதுக்குள்ளதான் இருக்கும் எண்டு தெரியும். ஆனா நான் இதை அமத்தமாட்டன். அவர் இன்னும் வரேல்லை, அவ்வளவுதான்."

அவருடைய கணவர் 2009இல் காணாமல் போனவர். அந்தத் தலைப்பைத் தட்டச்சுச் செய்தவள் நான். இறந்தார் என்று பதியாமலே, காணக்கிடைக்காமைச் சான்றிதழ் பெறுவதற்கு 2016இல் சட்டமே வழிசெய்துவிட்டது. சட்டம் ஏற்றுக்கொண்ட ஒன்றை எமது பக்கம் ஏற்கவில்லை.

பிறகு எல்லா விடயங்களையும் சிறு துண்டுகளில் எழுதிப் பாயில் பரப்பினோம். எது எதோடு சேரும், அதற்கு என்ன பெயர் என்று அவர்களே தீர்மானித்தார்கள். "குடும்பத்தைத் தனியாகக் கொண்டு நடத்தும் பெண்களுக்கு" என்பது அவர்கள் வைத்த தலைப்பு. தொலைபேசி இலக்கம் முதற்பக்கத்தின் மேலே வந்தது. பழைய பக்கங்களை யூனிகோட்டுக்கு மாற்றினோம். ஆலோசனைப் பக்கத்தை வீட்டில் யாரும் வந்தால் சட்டென்று மூட ஒரு பொத்தான் வைத்தோம். மூடினாலும் பார்த்த பதிவு தொலைபேசியில் இருக்கும், அதைத் தனியாக அழிக்கவேண்டும் என்பதையும் பக்கத்தில் எழுதினோம்.

மீண்டும் வேறு ஐந்து பெண்களோடு சோதித்தோம். புதிய குறைகள் வந்தன. அவற்றையும் திருத்தினோம். இப்போது சட்ட உதவி நாள் கேட்டு நேராக அழைப்புகள் வருகின்றன.

சகோதரிகளே, ஒரு படிவமோ பக்கமோ விளங்காவிட்டால் உங்களுக்கு அறிவில்லை என்று நினைக்காதீர்கள். எந்த இடத்தில் நின்றுபோனீர்கள், எந்தச் சொல் உங்களை நோகடித்தது என்று அதை வைத்திருப்பவர்களிடம் சொல்லுங்கள். அந்த அம்மா சொல்லியிராவிட்டால் எனக்கும் தெரியவந்திராது.