நிறுத்திவைத்த முகம்

நீண்ட பதிவு. டிராகன் பால் அறியாத நண்பர்களும் வாசிக்கக்கூடும் என்பதால் சிலவற்றை விளக்கியே செல்கிறேன். இரசிகர்கள் அவ்விடங்களைத் தாண்டிச் செல்லலாம்.

சென்ற ஆண்டு எங்கள் துறையின் ஆய்வாளர் கருத்தரங்கில் மூன்று படங்களை அடுத்தடுத்து வைத்துத் திரையிட்டேன். முதலாவது, அகிரா தொரியாமா வரைந்த மூல மாங்காவிலிருந்து ஒரு கட்டம். இரண்டாவது, 2018இல் வெளிவந்த 'ப்ரோலி' திரைப்படத்திலிருந்து ஒரு சட்டகம். மூன்றாவது, 'டிராகன் பால் சூப்பர்' தொலைக்காட்சித் தொடரின் ஐந்தாம் பகுதியில் ஓட்டத்தை நிறுத்தி எடுத்த ஒரு சட்டகம். மூன்றிலும் இருப்பவன் கோகுதான். ஆனால் மூன்றாவது கோகுவின் கண்கள் ஒரே மட்டத்தில் இல்லை, தாடை முகத்தோடு ஒட்டவில்லை. தலைப்பாக 'தரத்தின் வீழ்ச்சி' என்று போட்டிருந்தேன். அரங்கம் சிரித்தது. ஒரு வணிகத் தொடர் அளவுக்குமீறி நீட்டப்படும்போது கலை எவ்வாறு சீரழிகிறது என்று தொடர்ந்து இருபது நிமிடம் பேசினேன். என் நெறியாளர்கூடத் தலையசைத்தார். அன்று மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

தேநீர் இடைவேளையில் ஒருவர் அருகில் வந்தார். முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர், கோவில்பட்டிக்காரர். படிப்பில் எனக்கு இளையவர், வயதில் என்னைவிட நான்கைந்து ஆண்டு மூத்தவர். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் துணை ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் சில ஆண்டுகள் வரைந்துவிட்டு, மணிக்கட்டு வலி தாளாமல் படிக்க வந்தவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. "தம்பி, அந்த மூணாவது படம் கீயா, இன்பிட்வீனா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. "நின்ன படமா, போய்க்கிட்டிருந்த படமான்னு கேக்கேன்" என்றார். அனிமேஷனைப் பற்றி இரண்டு ஆண்டுகளாக ஆய்வு செய்துகொண்டிருந்த எனக்கு அதற்கு விடை தெரியவில்லை.

அந்த வினாவின் பொருளைச் சொல்ல வேண்டும். அசையும் படத்தில் நொடிக்கு 24 சட்டகங்கள். ஆனால் சப்பானிய அனிமேயில் ஒவ்வொரு சட்டகத்திற்கும் புதிதாக வரைவதில்லை. ஒரே வரைவை இரண்டு அல்லது மூன்று சட்டகங்களுக்கு நிறுத்துகிறார்கள். ஆகவே நொடிக்குப் 12 அல்லது 8 வரைவுகள். இவற்றுள் அசைவின் முக்கிய நிலைகளை வரைபவர் ஒருவர். அந்த நிலைகளுக்கு இடையிலுள்ளவற்றை நிரப்புபவர்கள் வேறு சிலர். முதலாவது கீ, மற்றது இன்பிட்வீன். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மேற்பார்வையாளர் உண்டு. வெவ்வேறு கைகள் வரைந்த முகங்களை ஒரே முகமாகத் திருத்துவது அவர் பணி. சிறுவயதில் தொலைக்காட்சியில் 'டிராகன் பால் இசட்' பார்த்தபோது கோகுவின் முகம் சில வாரங்களில் கூராகவும் சில வாரங்களில் உப்பியும் இருப்பதைக் கண்டு, அவன் சரியாக உறங்கவில்லை போலும் என்று எண்ணியிருக்கிறேன். மேற்பார்வையாளர் மாறியிருக்கிறார், அவ்வளவுதான்.

ஐந்தாம் பகுதிக்கு வருகிறேன். கிங் காயின் சிறிய கோளில் கோகு முதன்முறையாக பீரஸ் என்னும் அழிவுக் கடவுளோடு மோதும் காட்சி அது. இதே காட்சியை 2013இல் வந்த 'பேட்டில் ஆஃப் காட்ஸ்' திரைப்படம் ஏற்கெனவே காட்டிவிட்டது. கோகு தன் மூன்றாம் நிலை உருமாற்றத்தை எட்டுகிறான்; பீரஸ் ஒரு சுண்டலிலும் பிடரியில் ஓர் அடியிலும் அவனைச் சாய்த்துவிடுகிறார். கதை வந்த வழியெல்லாம் பெருகிவந்த வலிமை இங்கு ஒரு விரலுக்கு ஈடாகவில்லை என்பதுதான் அக்காட்சியின் நகைச்சுவை. சுருக்கமாக இருப்பதாலேயே அது நன்றாக இருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்துத் தொலைக்காட்சித் தொடர் அதே திரைப்படத்தின் கதையை 14 பகுதிகளாக மீண்டும் சொன்னது. ஒன்றரை மணி நேரத்திற்கும் குறைவான கதை மூன்று மடங்குக்கு மேல் நீண்டது. விரற்சுண்டல் ஒரு முழுச் சண்டையாயிற்று. தொடர் 2015 ஏப்ரல் இறுதியில் அறிவிக்கப்பட்டு, ஜூலை முதல் ஞாயிறு ஒளிபரப்பாகத் தொடங்கியது; இடையில் பத்து வாரங்கள்கூட இல்லை. ஐந்தாம் பகுதி ஆகஸ்டில் வந்தது. இந்தத் தேதிகள் என் குறிப்பேட்டில் முதலிலிருந்தே இருந்தன. கருத்தரங்கில் அவற்றைச் சொல்லவில்லை. படத்தைக் காட்டினால் சிரிப்பு வரும் என்பது தெரிந்திருந்தது.

மறுவாரம் கோவில்பட்டி அண்ணன் தம் விடுதி அறைக்கு அழைத்தார். (அதற்குள் 'அண்ணன்' ஆகிவிட்டார்.) கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்குப் பொருத்திய பழைய லைட் பாக்ஸ் ஒன்றை மேசையில் வைத்திருந்தார். ஒரு தாளில் முன்னோக்கிய தலை, இன்னொரு தாளில் பக்கவாட்டில் திரும்பிய தலை. "நடுவுல ஒண்ணே ஒண்ணு போடுங்க தம்பி, போதும்" என்றார். இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் இரு தலைகளின் கோடுகளும் ஒளியில் தெரியும். நடுவில் ஒரு கோடு இழுத்துக்கொண்டே போனால் ஆயிற்று என்று எண்ணினேன். மூக்குக்கும் மூக்குக்கும் நடுவே மூக்கு. காதுக்கும் காதுக்கும் நடுவே காது. நாற்பது நிமிடம் ஆயிற்று. தாளை எடுத்துப் பார்த்தபோது தலை சப்பையாகிப்போயிருந்தது. ஒரு கண் கன்னத்தில் இறங்கியிருந்தது.

தலை திரும்பும்போது நேர்கோட்டில் நகர்வதில்லை. சற்றே தாழ்ந்து, வளைந்து, மீண்டும் எழுகிறது என்று விளக்கினார். கன அளவுள்ள ஒரு பொருள் தாளுக்குள் சுழல்கிறது என்பதை மனத்தில் கொள்ளாமல் கோடுகளுக்கு நடுவே கோடு போட்டால் இப்படித்தான் வரும். தெரியாதவர்கள் மட்டுமல்ல, தெரிந்தவர்களும் இரவு இரண்டு மணிக்கு, காலைக்குள் இன்னும் பதினைந்து தாள் இருக்கும்போது, இப்படித்தான் போடுவார்கள். ஒரு வரைவுக்கு இவ்வளவு என்று கூலி; ஆகவே ஒரு தாளைத் திரும்ப வரைவது கூலியில்லாத வேலை. இதைச் சொல்லும்போது அவர் குரலில் மனத்தாங்கல் ஏதுமில்லை. பேருந்துக் கட்டணம் சொல்வதைப்போல் சொன்னார். என் தாளைப் பார்த்து, "பரவால்ல, ஓடும்போது தெரியாது" என்றார்.

எந்தப் படத்தைக் காட்டி அரங்கத்தைச் சிரிக்க வைத்தேனோ, அதற்கு வெகு தொலைவில் இல்லை என் தாள்.

இதற்குப் பின்புதான் மாங்காவை மீண்டும் எடுத்து வாசித்தேன். 1984 முதல் 1995 வரை 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் வந்த 519 அத்தியாயங்கள், 42 தொகுதிகள். இரசிகர்கள் 'மாங்கா அளவுக்கு வராது' என்று சொல்லும்போது நாம் மனத்தில் வைத்திருப்பது தொரியாமாவின் கோடு: தயக்கமில்லாத, ஒரே தடிமனில் செல்லாத, எந்தப் பொறியையும் வாகனத்தையும் கையால் தொடக்கூடியதாக்கும் கோடு. ஆனால் அந்தப் பக்கங்கள் முழுக்கச் சிக்கனத்தால் ஆனவை. சூப்பர் சையன் உருமாற்றத்தில் தலைமுடி பொன்னிறமாவதற்கு ஒரு காரணம், மாங்காவில் அது வெள்ளையாக விடப்பட்டால் உதவியாளர் கறுப்பு மை நிரப்ப வேண்டியதில்லை என்பது. தொரியாமாவே இதைச் சொல்லியிருக்கிறார். பெரும்பாலான சண்டைகள் ஆளில்லாப் பாறைவெளியில் நடப்பதும், நகரங்கள் வந்த வேகத்தில் தரைமட்டமாவதும் கட்டடம் வரையும் சலிப்பிலிருந்து தப்பிக்கத்தான். வாரந்தோறும் பதினைந்து பக்கம் அளவில், பெரும்பாலும் ஒரே உதவியாளரை வைத்துக்கொண்டு வேறு எப்படிச் செய்வது? அந்தச் சிக்கனத்தை நாம் 'தெளிவு' என்கிறோம், சரியாகவே சொல்கிறோம். பின்னணி வெறுமையாக இருப்பதால்தான் யார் எங்கிருந்து எங்கே பாய்ந்தார் என்பது ஒரு பார்வையில் விளங்குகிறது. ஆனால் அதே சுமை ஒரு தொலைக்காட்சி வரைஞரின் கையில் முகத்தைக் கோணலாக்கினால் 'தரக்குறைவு' என்று பெயர் சூட்டுகிறோம்.

இரண்டும் ஒன்று என்று நான் வாதிடவில்லை. தொரியாமா தன் சிக்கனத்தைத் தானே தேர்ந்தார், ஐந்தாம் பகுதியின் வரைஞர்மேல் அது சுமத்தப்பட்டது. என் தவறு வேறிடத்தில் இருந்தது. மாங்காவின் கட்டம் நின்று பார்ப்பதற்காக வரையப்பட்டது. எவ்வளவு நேரம் அங்கே தங்குவது என்பது வாசகரின் கையில். அனிமேயின் சட்டகம் கடந்துபோவதற்காக வரையப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒப்பிட்டது என் ஆய்வுமுறையின் பிழை. அதுவும் முதலாண்டு மாணவர் செய்யக்கூடிய பிழை.

இப்பிழை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறொரு தொடரிலிருந்து ஒரு சான்று. 'நரூட்டோ ஷிப்பூடென்' தொடரின் 167ஆம் பகுதியில் நரூட்டோவுக்கும் பெயினுக்கும் நடக்கும் சண்டை இன்றும் கேலிப்படங்களாக உலவுகிறது: இழுபட்ட முகங்கள், இரப்பரான கைகால்கள். அதில் பணியாற்றிய ஷிங்கோ யாமாஷிதா திறமை குறைந்தவர் அல்லர். பிற்காலத்தில் 'செயின்ஸா மேன்' தொடரின் தொடக்கப்பாடல் காட்சியை இயக்கி உலகெங்கும் பாராட்டப்பட்டவர். அந்த உருச்சிதைவு வேண்டுமென்றே செய்தது. ஓட்டத்தில் பார்த்தால் உடல்களின் எடையும் வெறியும் தெரியும். எனக்கு அது முற்றிலும் கைகூடிவிட்டதாகத் தோன்றவில்லை. ஆனால் நிறுத்திவைத்த சட்டகம் ஒன்று களைப்பில் பிறந்த கோணலையும் கருத்தோடு செய்த கோணலையும் ஒரேபோலக் காட்டுகிறது. இரண்டையும் பிரித்தறிய உதவாத ஒரு சான்றை வைத்துக்கொண்டுதான் நான் 'வீழ்ச்சி' என்று தலைப்புப் போட்டிருந்தேன்.

திரைப்படங்களைப் பற்றியும் என் கருத்து மாறியது. 1989 முதல் 1995 வரை வந்த பதின்மூன்று 'இசட்' படங்களை இரசிகர்கள் உச்சத்தில் வைப்பதுண்டு. பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு, பள்ளி விடுமுறைகளை ஒட்டி, ஒரு மணி நேரத்தை ஒட்டிய படங்கள். கதை ஒன்றே: புதியவன் வருகிறான், எல்லாரும் அடிவாங்குகிறார்கள், கோகு முடித்துவைக்கிறான். அவற்றின் சிறப்பு கதையில் இல்லை, கையிருப்பு நேரத்தில்தான். தொலைக்காட்சியில் வாராவாரம் கிடைக்காத வரைவுகள் அங்கே கிடைத்தன.

2018இன் 'ப்ரோலி' எனக்கு இன்னும் பெரிய பாடம். அதுவரை ததாயோஷி யாமாமுரோவின் உருவமைப்பே நிலவிவந்தது: தசைமீது பளபளப்பு, கூரிய நிழல்கள், உலோகம் போன்ற தோல். திரைப்படத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நவோஹிரோ ஷின்தானி அவற்றைக் களைந்தார். கோடுகள் குறைந்தன, நிழல்கள் குறைந்தன, உடல் உருண்டது. தனித்த சட்டகமாகப் பார்த்தால் சில இடங்களில் அது பழையதைவிட எளியது, 'முடிக்கப்படாதது' என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஒரு கோடு குறைந்தால், ஒவ்வொரு வரைவிலும் அந்தக் கோடு குறைகிறது. மீந்த உழைப்பு முழுவதும் அசைவுக்குப் போயிற்று. ப்ரோலி உறைபனிமீது ஃப்ரீசாவின் படைக்கு முன்னால் வெஜிட்டாவோடு மோதத் தொடங்கும் இடத்தை இதற்காகவே மீண்டும் பாருங்கள். நான் அதிலிருந்தும் ஒரு சட்டகத்தைத்தான் பிடுங்கி 'உயர்தரம்' என்று ஒட்டியிருந்தேன். புகழ்ந்ததும் தவறான காரணத்திற்காகவே. (2022இல் வந்த 'சூப்பர் ஹீரோ' பெரும்பாலும் முப்பரிமாணக் கணினி உருவாக்கம், அதைப் பற்றி வேறொரு நாள் சண்டையிடலாம்.)

அத்தியாயத்தைத் திருத்தி எழுத வேண்டும் என்று நெறியாளரிடம் சொன்னபோது அவர் மகிழவில்லை. கருத்தரங்கில் நன்றாக எடுபட்ட வாதத்தை ஏன் குலைக்கிறாய் என்றார். தரம் என்ற சொல்லை விட்டுவிட்டால் இரசிகர்களின் மதிப்பீட்டையே ஆய்விலிருந்து விலக்கிவிடுவாயே என்பது அவருடைய நியாயமான அச்சம். விலக்கவில்லை. ஐந்தாம் பகுதி மோசமானதுதான். பிற்பாடு குறுந்தகடு வெளியீட்டில் அதன் சில வரைவுகளைத் திருத்தினார்கள்; செய்தவர்களே ஒப்புக்கொண்ட குறையை நான் மறைத்து யாருக்கும் ஆவதில்லை. ஆனால் 'மோசம்' என்ற சொல்லுக்கு எழுவாய் யார் என்பதில்தான் என் பழைய அத்தியாயம் தடுமாறியது. வரைந்தவரா, வரைவுக்கு ஒதுக்கிய நாளா? ஆறு மாதமாக அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடியவில்லை, உதவித்தொகைக் காலம் முடியப்போகிறது.

சென்ற வாரம் அண்ணனும் நானும் ஐந்தாம் பகுதியை நிறுத்தாமல் முழுதும் பார்த்தோம். நான் திரையிட்ட முகம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். வந்து போனதைக் கவனிக்கவில்லை. சண்டை தொய்வாக இருந்தது, அசைவுகளுக்கு எடையில்லை, அது மட்டும் தெரிந்தது. இறுதியில் பெயர்ப்பட்டியல் ஓடியபோது அவர் கைநீட்டி நிறுத்தினார். இன்பிட்வீன் வரைந்தவர்களின் வரிசை. அவர் வேலை பார்த்த தொடர்களில் நிறுவனத்தின் பெயர் மட்டுமே வருமாம். எங்கள் இருவருக்கும் சப்பானிய எழுத்து வாசிக்கத் தெரியாது. அவர் ஒன்று, இரண்டு என்று பெயர்களை எண்ணத் தொடங்கினார்.