சித்தப்பாவோடு ஒரு மளிகை நடை

சனிக்கிழமை காலை. கே.எல். சென்ட்ரலில் இறங்கி ஜாலான் துன் சம்பந்தனுக்கு வந்தால் பிரிக்பீல்ட்ஸ் வாசனையால்தான் நம்மை வரவேற்கும். மல்லிகை, ஊதுபத்தி, எண்ணெய்ச் சட்டியில் வேகும் வடை. அதை வைத்தே எந்தக் கடை வாசலில் நிற்கிறோம் என்று சொல்லிவிடுவார் என் சித்தப்பா. பிறவியிலேயே அவருக்குப் பார்வை இல்லை.

1881-ல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, நகரத்தைச் செங்கல்லால் எழுப்பச் சூளைகள் போட்ட இடம் இது. பெயரும் அப்படி வந்ததுதான். 2010-ல் 'லிட்டில் இந்தியா' ஆனது. இந்த இரண்டு கதைகளும் பலருக்குத் தெரியும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. 1951-ல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பதும் இங்கேதான். பயிற்சிக்கு வந்த பலர் உடம்புப்பிடி நிலையங்களில் வேலை பார்த்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார்கள். சித்தப்பாவும் அவர்களில் ஒருவர்.

கூட்டத்தைப் பார்த்ததும் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "நீ பிடிக்காதப்பா. உன் முழங்கையை நான் பிடிச்சுக்கிறேன். நீ நடந்தா போதும், எனக்கு வழி தெரியும்" என்றார்.

நடைபாதையில் மஞ்சள் ஓடுகள். நீளக் கோடுகள் என்றால் போகலாம், புள்ளிகள் என்றால் நின்று கவனிக்க வேண்டும். ஜப்பானின் ஒகயாமா நகரில் 1967-ல் முதன்முதலாகப் பதித்தார்கள். அன்று கோட்டின் மேலேயே ஒரு மோட்டார்சைக்கிள் நின்றது. கோல் 'டொக்'கென்று மோதியது. "யாரோ நமக்குப் பெரிய புள்ளியா வச்சிருக்காங்க" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மளிகைக் கடையில் அவர் வேறு ஆள். வெண்டைக்காயின் நுனியை ஒடித்தார். தேங்காயைக் காதருகே ஆட்டினார். சீரகமா சோம்பா என்பதை மூக்கு சொன்னது; துவரையா உளுந்தா என்பதை விரல் சொன்னது. நம் பாட்டிமார்களும் இப்படித்தானே வாங்கினார்கள்!

பணத்திலும் அவர் ஏமாறுவதில்லை. 1 வெள்ளி, 5 வெள்ளி நோட்டுகள் வழவழப்பான பாலிமர். மதிப்பு கூடக் கூட நோட்டின் அளவும் பெரும்பாலும் கூடும். போதாததற்கு ஒவ்வொன்றையும் வெவ்வேறு விதமாக மடித்து வைத்திருக்கிறார்.

பேரங்காடியில்தான் சிக்கல். அங்கே எல்லாமே பொட்டலம். சாம்பார்ப் பொடியும் ரசப் பொடியும் கைக்கு ஒன்றுதான். போன மாதம் ஒரு பேரங்காடியில் பணம் கட்டும் இடத்தில் இருந்த பையன், "இவருக்குப் பை வேணுமா?" என்று என்னைக் கேட்டான். "அரிசி வாங்கினது நான் தம்பி. கேள்வியையும் என்கிட்டயே கேளு" என்றார் சித்தப்பா, கோபமே இல்லாமல். பையன் தலையைக் குனிந்துகொண்டான். நானும்தான். பதில் சொல்ல வாயைத் திறந்திருந்தேனே!

கைப்பேசி உதவுகிறது. 2015-ல் டென்மார்க்கில் தொடங்கிய 'பி மை ஐஸ்' செயலியில், கேமரா காட்டுவதை எங்கோ இருக்கும் தன்னார்வலர் படித்துச் சொல்வார். ஆனால் பளபளக்கும் பிளாஸ்டிக்கில் பொடி எழுத்தைக் கேமராவுக்குச் சரியாகக் காட்டுவதே ஒரு வேலை. பக்கத்தில் நிற்பவர் அரை நிமிடம் ஒதுக்கினால் முடிந்துவிடும்.

நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மஞ்சள் ஓட்டின் மேல் வண்டி நிறுத்தாதீர்கள். உதவி வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். விலையை வாய்விட்டுச் சொல்லுங்கள். விலகிப் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், சீனி டப்பாவுக்கு இரண்டு என்று மாட்டினார். அடுத்த வாரம் தீபாவளிச் சாமான் வாங்க கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போகப் போகிறாராம், தனியாக. கடைசியில் ஒரு மசாலாப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். காலையிலிருந்து அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அதுதான்.

"இதுல தேதி எங்கேயோ போட்டிருப்பான். அதை மட்டும் படி."